வேலிச்செடிக்கு ஒரு கையெழுத்து

அந்த நாற்காலி வேண்டாம், மிஸ் பிக்கர்ஸ். அது மியூரியலுடையது. இப்படி ஜன்னலோரம் உட்காருங்கள். டீயில் நான் பாலை முதலில் ஊற்றிவிடுவேன். யார்க்ஷயரில் அதற்காக யாரையும் இதுவரை தூக்கில் போட்டதில்லை.

வக்கீல் பாட்டம்லி மேல் வந்த புகாரை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். மியூரியலின் அக்கா மகள் கொடுத்த புகார். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மனிதர் மேல் தப்பில்லை. மந்தமானவர், ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் கேட்டவருக்குப் பேரன் பிறந்து, அவனுக்கு மீசையும் முளைத்துவிடும். அவருடைய அறையில் கோப்புக்கட்டுகள் உத்தரத்தைத் தொடும். ஒரு டைப்பிஸ்ட் எதையோ தேடி அதற்குள் போனவள் மூன்றாம் நாள்தான் வெளியே வந்தாள். அதற்குள் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இருந்தாலும் மந்தம் ஒரு குற்றமல்ல. வீட்டுப் பத்திர வக்கீல்களிடம் நாற்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் தொழிலின் வேடிக்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். விலை பேசிக் கை குலுக்கினால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு பக்க வக்கீல்களும் தொலைபேசியில் பேசி, கையெழுத்தான ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் அந்த நிமிஷம் வரைக்கும், யார் வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம். அதுவரை நடப்பது கேள்வியும் பதிலும். சாக்கடை எந்தப் பக்கம் போகிறது, புகைபோக்கியை யார் கட்டினார்கள். ஒரு கேள்வியை விதைத்தால் ஒன்பது முளைக்கும். நல்ல வக்கீல் ஆறு வாரத்தில் களையெடுத்துவிடுவார். பாட்டம்லி தண்ணீர் ஊற்றுவார்.

மியூரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் இறந்த வருஷத்திலிருந்து தினமும் நாலு மணிக்கு இங்கே வருவாள். டாமினோ ஆடுவோம். பதினொரு வருஷம். என்னைவிட நன்றாக ஏமாற்றுவாள். அவளுடைய காலடி கேட்டால் என் வீட்டுக் கெட்டில் தானாகவே கொதிக்கத் தொடங்கிவிடும்.

போன மார்ச்சில் ஒருநாள் ஓட்டமாக வந்தாள். விட்பியில் இருந்த அவளுடைய அக்கா கானிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கானியின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு சின்ன ஃபிளாட் விலைக்கு வந்திருந்தது. இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். கானி இருந்ததோ ஒற்றை அறை; கட்டிலும் ஆக்சிஜன் இயந்திரமும் போக ஒரு பூனை படுக்கவும் இடமில்லை.

“நீதான் சொல்லணும் வில்ஃப். மூணு வக்கீல் பேரு எழுதிட்டு வந்திருக்கேன். லீட்ஸ்ல ஒரு பொம்பளை, கேட்ட அன்னைக்கே பதில் போடுவாளாம்.”

“அவசரக்காரிங்கதான் தப்பு பண்ணுவாங்க” என்றேன். “பாட்டம்லிகிட்டப் போ. ஆற அமரப் பார்ப்பாரு.”

“அந்தப் பாட்டம்லியா? அவரு இன்னும் உயிரோடவா இருக்காரு?”

“இல்லாட்டித்தான் என்ன? வேகம் ஒண்ணும் குறையாது.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அவரிடமே போனாள். ஆற அமரப் பார்ப்பார் என்று நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

ஏப்ரலில் வாங்குவதற்கு ஒரு ஜோடி வந்தது. கீரன், ஜெஸ். ஜெஸ்ஸுக்கு மூன்றாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பறந்தார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

விற்பவர் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. பக்கத்து வீட்டாரோடு தகராறு ஏதும் உண்டா, தகராறுக்கு இடம் தரக்கூடிய கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்பார்கள். மியூரியல் டாமினோவில் மட்டும்தான் பொய் சொல்வாள். ஆகவே நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நம் இருவருக்கும் நடுவில் இருக்கும் வேலிச்செடி யாருடையது என்று தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன், அவசரமில்லை. அவ்வளவுதான். மிகவும் மரியாதையான கடிதம்.

மறுநாள் அதை ஆட்டிக்கொண்டே வந்தாள். “ஏம்பா, ஆறடி தூரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கே? தபால்காரனுக்குப் பொழப்பு இல்லைன்னு அழுதானா?”

“எல்லாம் எழுத்துல இருக்கட்டுமேன்னுதான், மியூரியல். உன் நல்லதுக்குத்தான்.”

“அப்ப இதையும் படிவத்துல எழுதணுமா?”

“எழுதறதுதான் நேர்மை.”

எழுதினாள். வாங்குபவர்களின் வக்கீல் வேலிச்செடியைப் பற்றி ஒன்பது கேள்விகள் அனுப்பினார். பாட்டம்லி மூன்று வாரத்துக்கு ஒன்றாகப் பதில் சொன்னார். அந்தச் செடிக்கு இங்கிலாந்தின் எந்த அரச வம்சத்தையும்விட நீளமான வரலாறு சேர்ந்தது. மே மாதம் ஜெஸ் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தபோது, “அடுப்படிக்குக் கீழே தண்ணி ஓடற சத்தம் இப்பவும் கேக்குதாம்மா?” என்று வேலிக்கு மேலாக விசாரித்தேன். நான் வேறெதுவும் சொல்லவில்லை. அங்கே தண்ணீரும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஓர் அளவையாளர், ஒரு துளையிடும் இயந்திரம், பதினான்கு வாரம்.

மியூரியல் அதற்குள் மூட்டை கட்டியிருந்தாள். கோடை முழுவதும் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு வாணலியோடு பெட்டிகளுக்கு நடுவில் குடியிருந்தாள். திங்கள்தோறும் பாட்டம்லிக்குப் போன் செய்வாள். “கோப்பு என் மேசை மேல்தான் இருக்கிறது, அம்மா” என்பார் அவர். அது உண்மை. அவர் மேசை மேல் இல்லாத கோப்பே கிடையாது. இவளால் என்ன செய்ய முடியும்? வக்கீலை மாற்றலாமா என்று என்னைக் கேட்டாள். மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். அதுவும் உண்மை.

கானி தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். மியூரியல் அதை என் மேசையோரம் உட்கார்ந்து அப்படியே நடித்துக் காட்டுவாள், மூச்சிரைப்பு உட்பட. “எதிர் வீட்டு ஜன்னல் இன்னும் இருட்டாத்தான் இருக்குடி. எப்ப வந்து விளக்குப் போடப் போறே?” முதலில் சிரித்துக்கொண்டே நடித்தாள். செப்டம்பரில் மூச்சிரைப்பை மட்டும் நடிக்காமல் விட்டுவிட்டாள்.

மூன்று பஸ் மாறி, கெட்டுப்போன இடுப்போடு, இரண்டு தடவை விட்பி போய் வந்தாள். திரும்பியதும் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் எல்லாக் கேள்விகளும் தீர்ந்துபோயின. பாட்டம்லி கூடத் தீர்த்துவிட்டார் என்றால் பாருங்கள். ஒரே ஒரு தாள் பாக்கி. வேலிச்செடி பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டம்லி எனக்கு அனுப்பியிருந்தார், திருப்பி அனுப்ப உறையோடு. அவருடைய வாழ்நாளிலேயே வேகமான கடிதம் அதுதான்.

நான் மறுக்கவில்லை, மிஸ் பிக்கர்ஸ். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுப்பதாக இருந்தால் மறுத்திருப்பேன். அதை டாமினோப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், அவ்வளவுதான்.

“ஏதோ ஒரு தாள் வரணுமாம் வில்ஃப்” என்றாள் அன்று, காய்களைக் கலைத்துக்கொண்டே. “யாருகிட்டேர்ந்துன்னு கேட்டா, கோப்பைத் தேடிப் பாக்கறேங்கறாரு. உன் வேலிச்செடி விஷயமா இருக்குமோ?”

“அதையா? அப்பவே எழுதி அனுப்பிட்டேனே.”

மனதுக்குள் எழுதிவிட்டிருந்தேன். நாளைக்கே அனுப்பிவிடலாம் என்றும் இருந்தேன்.

“அப்ப வேற யாரோ படுபாவி” என்றாள் அவள். “யாரா இருந்தாலும் அவன் கை அழுகிப்போகட்டும். உன் ஆட்டம்.”

நான் இரட்டை ஆறுக் காயை வைத்தேன். பதினாறு நாள் அந்தத் தாளின் மேல் பெட்டியை வைத்து ஆடினோம். பன்னிரண்டாம் நாள் ஜெஸ்ஸுக்குக் குழந்தை பிறந்தது. அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு விலகிவிட்டார்கள். விட்பி ஃபிளாட்டையும் இதற்குள் ரொக்கத்தோடு வந்த வேறு யாரோ வாங்கிக் குடியேறிவிட்டார்கள். பதினாறாம் நாள் காலையில் கானி போய்விட்டாள். எதிர் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது, தங்கச்சி வந்துவிட்டாள் என்று நர்ஸிடம் சொன்னாளாம். புதிதாகக் குடிவந்தவர்கள் போட்ட விளக்கு அது. மியூரியல் அப்போது இரண்டாவது பஸ்ஸில் இருந்தாள்.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கியது நான்தான். முப்பத்திரண்டு பெட்டி, இந்த வயதில். கடைசிப் பெட்டியைத் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் பக்கத்துல இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேன், வில்ஃப்” என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. முன்பின் தெரியாத ஊரில், அக்காவும் போன பிறகு, தனியாகக் கிடந்திருப்பாள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே பாட்டம்லியை விட்டுவிடுங்கள். நாலு ஆகப்போகிறது; நீங்கள் பின்வாசல் வழியாகப் போனால் நல்லது, அவளுக்கு இதெல்லாம் தெரிந்தால் மனசு தாங்காது. உங்கள் அறிக்கைக்கு எழுத்தில் ஏதாவது வேண்டுமென்றால் தருகிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் ஒரு தகராறும் இருந்ததில்லை. பேனா இருந்தால் கொடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். தாள் இங்கேதான் இருக்கிறது, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்குங்கள்.