இரும்பாண்டி மழையில் நனைந்த கதை

தலைமை இருக்கையைத் தம் நரைமுடியால் அணிசெய்து வீற்றிருக்கும் பெரியவர், பெக்கோக் தமிழர் மன்றத் தலைவர் வைத்தியலிங்கனார் அவர்களே! வந்தமர்ந்த வகையாலேயே இந்த ஓலைக்கொட்டகையை ஒளிமிகு அவையாக்கிய ஆன்றோர்களே! இருள் பிரியாமுன் ரப்பர் மரத்தடி சேர்ந்து, ஏறுவெயிலில் பால்வாளி சுமந்து, இந்தப் பிற்பகலில் தமிழ் கேட்கத் தலைமுழுகி வந்திருக்கும் தாய்மார்களே! துணிக்கடையைப் பூட்டிவிட்டுத் தங்காக் நகரிலிருந்து வந்திருக்கும் வணிகத் தோழர்களே! இறுதியாக, அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் அஞ்சலக எழுத்தர், என் ஆருயிர்த் தம்பி விசுவலிங்கம் அவர்களே! மறைய முயலாதீர் தம்பி. தூண் ஒல்லி, நீர் அப்படியில்லை.

அனைவர் திருவடிக்கும் என் வணக்கம்.

இதோ, என் கையில் இருப்பது என்ன? நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூல்கட்டிய தாள். "இரும்பாண்டி" என்னும் பேசும்படக் கதை. சென்னையிலுள்ள படநிலையத்துக்கு அனுப்புவதற்கென்றே தம்பி விசுவலிங்கம் ஈராண்டு உழைத்து எழுதியது. கடல் கடந்து போகும் எழுத்து எதுவாயினும், முதலில் இந்த மன்றத்தார் செவியைக் கடந்தே போகவேண்டும் என்பது நம் வழக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதே மேடையில் நானே அதை உரக்கப் படித்தேன். நீங்கள் கேட்டீர்கள். கேட்டீர்களா? சிரித்தீர்கள்! கொட்டகையின் கூரை பறக்கச் சிரித்தீர்கள்!

மறுநாள் காலை தம்பி என் வீட்டு வாயிலில் நின்றார். எப்போதும் அவர் காதில் செருகியிருக்கும் கரிக்கோல் அன்று இல்லை. இந்தத் தாள்கட்டை என் கையில் வைத்தார். "அண்ணை, இதை உங்கட அடுப்பில போடுங்கோ. எனக்குக் கை வருகுதில்லை. இனி நான் ஒண்டும் எழுதமாட்டன்" என்றார்.

அடுப்பில் இடுவதா? அஞ்சலில் இடுவதா? அவையோரே, இன்று என் நாவில் நிற்பது இந்த ஒரே வினா.

சென்ற வாரம் வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். இனி வரப்போகும் ஆண்டு இரண்டாயிரம். லேடாங் மலை முடியில் ஓர் அறிஞர் மின்னலைப் பிடித்து இரும்புக்குள் அடைக்கிறார். எழுந்து நிற்கிறான் இரும்பாண்டி! தோட்டத்துக்கு வருகிறான். ஒருவர் நானூறு மரத்தில் பால்வெட்டும் நேரத்தில் நாலாயிரம் மரத்தில் வெட்டுகிறான். சோறு கேளான், கூலி கேளான், காய்ச்சல் காணான். துரை மகிழ்கிறார். தொழிலாளர் தெருவில் நிற்கின்றனர். முடிவில் கதைத்தலைவன் சம்மட்டி எடுத்து இரும்பாண்டியை அடித்து நொறுக்குகிறான். மங்களம்.

சிரிக்கத் தக்க கதையா இது? ரப்பர் விலை வீழ்ந்த ஆண்டை மறந்தோமா? "ஆள் மிகுதி" என்று ஒரு சொல் சொன்னார்கள். ஆயிரமாயிரம் பேரை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். அன்று இரும்பாண்டி வரவில்லை. வெறும் விலைப்பட்டியல்தான் வந்தது! நாளை இரும்பே வந்து நின்றால் நம் நிலை என்ன? இந்த வினாவை நம்முள் எவர் கேட்டோம்? மேடைதோறும் முழங்கும் நான் கேட்டேனா? இல்லை. அஞ்சல்தலை ஒட்டும் இந்த விரல் கேட்டது! அதற்காக முதலில் ஒரு கைதட்டல். இன்னும் பலமாக! தூணுக்குக் கேட்கட்டும்.

இனிக் குறை சொல்கிறேன். அன்புள்ள இடத்தில்தான் குறை சொல்ல முடியும். அன்பில்லாதவன் "நன்று, நன்று" என்று சொல்லி எழுந்து போவான்.

தம்பி, உம் கதையில் பாட்டு முப்பத்தொன்று. அவற்றுள் எட்டு இரும்பாண்டியே பாடுகிறான். சம்மட்டி அடி விழும்போதும் நான்கு அடியில் ஒரு பாட்டுப் பாடித்தான் சாய்கிறான்! மின்னலை அடைத்தீர், சரி. மிருதங்கத்தையுமா அடைத்தீர்?

என்ன, பாட்டுப் பிரியர் காளியப்பரே, எழுந்துவிட்டீர்? "பாட்ட எடுத்துட்டா எவன்யா காசு குடுத்துப் படம் பாப்பான்?" என்று கேட்கிறார். உம் கவலை எனக்குப் புரிகிறது. பாட்டு இருக்கட்டும். மக்கள் பாடட்டும். இரும்பு வாய்மூடி நிற்கட்டும். அது பாடாமல் நிற்கும்போதுதான் நமக்கு அச்சம் பிறக்கும். அமருங்கள் ஐயா, உமக்கும் ஒரு பாட்டுக் கிடைக்கும்.

அடுத்தது, அந்தச் சிரிப்பு. அது எங்கே பிறந்தது? மழைக்காட்சியில் பிறந்தது. வானம் கொட்டுகிறது, இரும்பாண்டி மட்டும் விடாமல் மரம் வெட்டுகிறான், அதைக் கண்டு ஒரு தொழிலாளிப் பெண் வியக்கிறாள். எப்படி வியக்கிறாள்? "அந்தோ! கொண்டல் கொட்டினும் கோலமிகு மரங்கள் பால் சுரத்தல் குறைந்திலவே!"

படிக்கும்போது நான் உருகினேன், அவையோரே! என்ன மோனை! என்ன முழக்கம்! அந்த நேரத்தில், அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பேச்சியம்மாள் அவர்கள், இருபது ஆண்டு பால்மரம் வெட்டிய அந்த அம்மையார், தம் பக்கத்திலிருந்த அங்கம்மாவிடம் சொன்னது மேடைவரை கேட்டது. "யாருடி இவ, மழையில மரம் வெட்டுறதப் பாத்து மயங்குறவ? பாலு பிடிக்கிற மங்குல பாலா நிக்கும்? மழைத்தண்ணிதான் நிக்கும்! பாலு பட்டையெல்லாம் வழிஞ்சு மண்ணுக்குப் போயிரும். இந்த இரும்புப் பயல மொதல்ல விடியக்கால பேரு கூப்பிடுற பெரட்டுக்கு அனுப்புங்கடி, நாலு ஏச்சு வாங்கிட்டு வரட்டும்!"

அவையே வெடித்தது. மழை வந்தால் கத்தியை வைத்துவிட வேண்டும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். ஈரப்பட்டையில் கத்தி பட்டால் பட்டை அழுகும், மரமே கெடும் என்பதும் தெரியும். அஞ்சலகச் சாளரத்துக்குப் பின்னால், கூரையின் கீழ் அமர்ந்து மழையைப் பார்த்தவருக்கு அது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை! மோனையில் மூழ்கியவனுக்கு மங்கு எங்கே கண்ணில் படும்?

தம்பி, அவர்கள் உம்மைக் கொல்லச் சிரித்தார்கள் என்றா எண்ணினீர்? உமக்கு முடிவு கொடுக்கச் சிரித்தார்கள்! சம்மட்டி எதற்கு? எண்ணிப் பாரும். மழை வருகிறது. மக்கள் கத்தியை வைத்துவிட்டு ஒதுங்குகின்றனர். இரும்பாண்டி ஒதுங்கவில்லை, அவனுக்கு ஒதுங்கத் தெரியாது. நாலாயிரம் மரத்தை வெட்டுகிறான். நாலாயிரம் மரத்தின் பாலும் மழையோடு இறங்குகிறது. ஓடை வெளுக்கிறது! ஆறு வெளுக்கிறது! துரையின் வீட்டுப் படிவரை வெண்மை வந்து நிற்கிறது! தோட்டத்தையே கழுவிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று விறைப்பாக நிற்கிறான் இரும்பாண்டி. இதைவிடவா பெரிய சம்மட்டி? இதைக் கொடுத்தது என் தமிழா? பேச்சியம்மாளின் சிரிப்பு!

இன்னும் ஒன்று. ஊருக்கு மடல் எழுதத் தெரியாதவர்கள் தம்பியின் சாளரத்துக்குத்தானே போகிறீர்கள்? சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதிக்கொடுப்பவர் அவர். சென்ற மாதம் பேச்சியம்மாள் தம் தங்கைக்கு எழுதச் சொன்னதை, அவரே இசைந்ததால் இங்கே சொல்கிறேன். "நல்லா இருக்கேன்னு எழுதுங்கய்யா. இருமலை எழுதாதீங்க. இருமலை எழுதுனா அவ அங்க சாப்பிடமாட்டா."

தம்பி! இந்தச் சொல்லை எழுதிய கை உம் கைதானே? "அந்தோ" என்று எழுதிய கை எவர் கை? என் போன்றோர் மேடைப்பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த கை அது. குற்றத்தில் பாதி எனக்கு. ஆகவே இந்தச் செந்தமிழை வீணாக்காமல் இரும்பாண்டிக்கே கொடுத்துவிடும்! என்னைப்போல் அவன் பேசட்டும். மக்கள் மக்களாகப் பேசட்டும்.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்றைய சிரிப்பு எனக்கு உரியது, தம்பிக்கு ஓய்வு.

பேச்சியம்மாள் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. "நான் கதையப் பாத்துச் சிரிக்கலங்கய்யா. அந்த மழையப் பாத்துத்தான் சிரிச்சேன். அந்த இரும்புப் பயல் நம்ம சோத்துல மண்ணப் போடுறப்ப எனக்கு அழுகதான் வந்துச்சு. கிளார்க்கு ஐயா அதப் பாக்கல. அதுக்குள்ள போயிட்டாரு."

கேட்டீரா தம்பி? அழுதிருக்கிறார்! நீர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதோ, தூண் தனித்து நிற்கிறது! வழி விடுங்கள், வழி விடுங்கள். மேடைக்கு வருவார் என்று எண்ணினேன். மூன்றாம் வரிசைக்கல்லவா போகிறார்? அமைதி. அவர் கேட்பது உங்கள் காதில் விழட்டும். "அக்கா, மழை வாறது உங்களுக்கு முதல்ல எப்பிடித் தெரியும்?"

"பட்டையத் தொட்டாத் தெரியும்யா. மழைக்கு முன்னாடியே மரம் வேர்த்துரும்."

தலைவர் அவர்களே, உங்கள் மேசைமேல் உள்ள கரிக்கோலைக் கொடுங்கள். இந்தத் தாள்கட்டும் கைமாறிப் போகட்டும். அங்கம்மா, அதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். எழுதுகிறார். அவையோரே, எழுதுகிறார்!

என் அடுப்புக்கு இன்று வேறு விறகு தேடிக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், சிரித்துத் திருத்திய தாய்மார்க்கும், தனித்து நின்ற தூணுக்கும் என் நன்றி. அவர் எழுதி முடிக்கும்வரை யாரும் நாற்காலியை இழுக்காமல் மெல்ல எழுந்து செல்லுங்கள். வணக்கம்.