ஸ்டார்ட் ஆவாத வண்டி

பானட்ட அப்பால தொறக்கலாம், மொதல்ல கீழ குனிஞ்சி பாருங்கண்ணே. தரையில கறுப்பா சொட்டியிருக்குது பாருங்க, இஞ்சின் ஆயிலு. பின்பக்க சீல் வழியா வருது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டரு ஊத்தணும். நான் ஒண்ணும் மறைக்கல. எழுவத்திரெண்டு மாடலு காரு, பதினேழு வருசமாச்சி, ஒழுவாம இருக்குமா?

கிளட்ச்சு பிளேட்டும் தேஞ்சி போச்சி. மல ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி நவுராது. கூலியோட சேத்து கள்ளக்குறிச்சியில நானூத்தம்பது கேப்பாங்க. முன் வீலு ஆடுது இல்ல, அது கிங்பின் புஷ்ஷு. அதுக்கொரு முந்நூறு. ரேடியேட்டர்ல ஓட்ட இருந்துது, மஞ்சத்தூள கரைச்சி ஊத்தி அடச்சி வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க, எட்டு மாசமா நிக்குது. ஆனா நீங்க வெள்ளிமலைக்கு டிரிப்பு அடிக்கணும்னு வாங்கறீங்க, அதுக்குத் தாங்காது. மாத்திடுங்க, அறுநூறு ஆவும்.

பெட்ரோல் பம்பா? வெயில்ல சூடாவும், பெட்ரோலு ஏறாது. ஈரத்துணி சுத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, கெளம்பிடும்.

இன்னாது? ஸ்டார்ட்டிங் டிரபுளா? யாரு சொன்னது?

மாதனா. வெள்ளிமல மாதனா. சந்தையில பாத்தீங்களா. இன்னா சொன்னான், அப்டியே சொல்லுங்க.

ஓகோ. இந்த ஆதிமூலம் தங்கமான மனுசன், வண்டிதான் ராசியில்லாத வண்டி, வாங்காதீங்கன்னானா.

கொஞ்சம் தள்ளிக்கங்க, சாவி போடறேன். கேட்டீங்களா? ஒரே அடி. நான் இத வாங்கி ஒம்போது வருசம். மார்கழிப் பனியில கூட ரெண்டாவது அடிக்குப் போனதில்ல.

ஆமா. அன்னிக்கு ஆவல. மாதன் பொய் சொல்ற ஆளு இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்ன, பொரட்டாசியில, எடஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் நடந்துதே, அந்த வாரம். எங்க பாத்தாலும் மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. எங்க வூட்டு ஆளுங்களும்தான் போனாங்க. ஞாயமாத்தான் கேட்டாங்க, அத நான் கொற சொல்லல. பஸ்ஸு கெடையாது. மாதன் பொண்டாட்டி பெருமாயிக்கு ரெண்டு நாளா இடுப்பு வலி, புள்ள வரல. டோலி கட்டித் தூக்கிகினு நாலு பேரு மல எறங்கி இந்த வடக்கனந்தலுக்கு வந்துட்டாங்க. காலையில பத்து மணி இருக்கும். ஊர்ல இருந்தது என் வண்டி ஒண்ணுதான். மெயின் ரோடு இல்லன்னா இன்னா, வண்டிப்பாதையில சுத்திகினு போனா ஒரு மணி நேரத்துல கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி.

பின் சீட்டுல பெருமாயிய படுக்க வெச்சோம். செல்ஃப் அடிச்சேன். இஞ்சின் சுத்துது, பத்தல. மறுபடி அடிச்சேன், பத்தல. வண்டி மக்கர் பண்ணுது மாதான்னேன். தள்ளறோங்க, நீங்க உக்காருங்கன்னான். ராவெல்லாம் தோள்ல சொமந்து வந்த ஆளுங்க. தள்ளுனாங்க. ரெண்டாவது கியர்ல வெச்சி கிளட்ச்ச உடறேன், உதறுது, நிக்குது. கோயில் முக்குலேர்ந்து ஏரிக்கர வரைக்கும் தள்ளுனாங்கண்ணே. பெருமாயி அதுல சத்தம் கூடப் போடல, சீட்டுத் துணியப் புடிச்சிகினு கெடந்துது.

அப்பால யாரோ மாட்டு வண்டி பூட்டிகினு வந்தாங்க. பெருமாயி பொழச்சிகிச்சி. புள்ள வழியிலயே செத்துப் போச்சி. பொட்டப் புள்ள.

இப்பவும் சாமை அறுத்தா எனக்கொரு படி கொண்டாந்து வெச்சிட்டுத்தான் போவான் மாதன். அன்னிக்கு எங்களுக்காக எவ்ளோ பாடுபட்டீங்கன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லுவான். அவ எனக்கு அந்தச் சாமையத்தான் வடிச்சிப் போடுவா.

நீங்க நாளைக்கு இந்த வண்டிய வெள்ளிமலையில கொண்டுபோய் நிறுத்துவீங்க. அவன் கண்ணு முன்னாலயே ஒரே அடியில ஸ்டார்ட் ஆவும். தெனமும் ஆவும். அவன் உங்கள கேப்பான் இல்ல, இன்னா ரிப்பேர் பண்ணீங்க, எவ்ளோ ஆச்சின்னு?

இப்ப வாங்க, பானட்ட தொறக்கறேன். இது டிஸ்டிபூட்டரு. மூடிய எடுத்தா உள்ள கட்டவெரல் அளவுக்கு ஒரு சாமான் இருக்குது பாருங்க, இதுக்குப் பேரு ரோட்டரு. இருவது ரூவா. இது இல்லன்னா இஞ்சின் சும்மா சுத்தும், பத்தாது. பந்த்து, மறியல்னா நாங்க கார் வெச்சிருக்கறவங்க எல்லாம் இத கழட்டி வெச்சிக்குவோம். போராட்டக்காரங்களும் வண்டிய எடுத்துகினு போவ முடியாது, போலீசும் போவ முடியாது.

அன்னிக்கு இது என் சட்டப் பையில இருந்துது.

அவங்க தள்ளும்போதும் இருந்துது. வர மாட்டேன்னு மாதன் மூஞ்சியப் பாத்து சொல்ல வாய் வரல, அதான் சாவி போட்டு ஆட்டம் காமிச்சேன். நடுவுல எறங்கி மாட்டியிருந்தா ஒரு நிமிசம் ஆவாது. ஆனா சுத்தி ஊரே பாத்துகினு நிக்குது, பையிலேர்ந்து எப்டிண்ணே எடுக்கறது?

எதுக்கு பயந்தேன்னா கேக்கறீங்க?

எவனாவது கல்ல உட்டா முன்கண்ணாடி போயிடும். எண்ணூறு ரூவா.