தப்பைத் திருத்தும் எதிரொலி

— இன்னொரு தடவை எடுப்போம், தோன் தெயோதுலோ. இந்தத் தடவையாவது தப்பா வாசிங்க.

— நான் என்ன பண்றது, அம்மாடி? கை சரியான சுரத்துலயே போய் நிக்குது.

— எழுபத்து மூணுல இதே பாட்டுல, ரெண்டாவது வரியில, பளிச்சுனு தப்பு விட்டிருக்கீங்க. லிமா பூரா அந்தத் தப்போடதான் இதை முணுமுணுக்குது. அஞ்சு மணிக்கு கச்சேரி நடத்துற தோன்யா எர்லிந்தாம்மா வந்து கேட்பாங்க. இசைத்தட்டுல இருக்கிற அதே சத்தம் வந்தா ஞாயித்துக்கிழமை மேடை உங்களுக்கு. இல்லாட்டி அந்தச் சிவப்புச் சட்டை இசைக்குழுப் பசங்களுக்கு.

— எனக்கு எழுபத்தாறு வயசு, நெலிடா. இதை விட்டா இன்னொரு மேடை கிடையாது. பயமா இருக்கு. கம்ப்யூட்டர்லயே தப்பு போட முடியாதா?

— அதைப் போட்டுடலாம். எதிரொலிதான் என் உயிரை வாங்குது. பழைய தட்டைக் கேளுங்க. முன்னாடி கிதார்... இப்ப பின்னாடி எதிரொலி... கேட்டுச்சா?

— நல்லாத்தானே இருக்கு.

— கிதார் தப்பா வாசிக்குது. எதிரொலி சரியா வாசிக்குது!

— பழைய மெஷின். நல்ல வளர்ப்பு.

— விளையாடாதீங்க. மூணு நாளா இருக்கிற சாஃப்ட்வேர் அத்தனையும் போட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் குடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லுது. ஒண்ணாவது திருத்திச் சொல்லணுமே! அப்புறம் நாலாவது வரியில ‘ஹச்’சுனு ஒரு சத்தம். வால்வு சூடாகிற சத்தம்னு நெனச்சு, ராத்திரி பகலா உட்கார்ந்து அதையும் செஞ்சு வெச்சிருக்கேன்.

— அது வால்வு இல்ல, அம்மாடி. பாச்சை உருண்டை.

— என்னது?

— அலமாரிக்குள்ள பாச்சை உருண்டை கிடந்துச்சு. உள்ள இருந்தவனுக்கு அது ஆகாது. தும்மிட்டான்.

— அலமாரிக்குள்ள ஆளா?

— எதிரொலி மெஷின் கப்பல்லதான் வந்துச்சு. கய்யாவ் துறைமுகத்துல இறக்குறப்ப கயிறு அறுந்து கடலுக்குள்ள போயிடுச்சு. ஆனா ‘பெருவிலேயே முதல் மின்சார எதிரொலி’ன்னு ஊர் பூரா போஸ்டர் ஒட்டியாச்சு. ஒட்டினதைக் கிழிச்சா மானம் போயிடாதா? அதான் ஒருத்தனைக் கிதாரோட அலமாரியில ஏத்தினோம். வெளிய வாசிக்கிறதை அவன் ஒரு மூச்சு தள்ளி, கொஞ்சம் தணிச்சு வாசிக்கணும். கதவுல ரெண்டு பல்பு மாட்டினோம்.

— கச்சேரிக்கும் அலமாரிதானா?

— லாரியில ஏத்தி மலை மேல உவான்கயோ ஊரு வரைக்கும் போனோமே! மலை ஏற ஏற மெஷின் வாந்தி எடுத்துச்சு.

— யாருமே கண்டுபிடிக்கலையா?

— ரேடியோவுல இருந்து ஒரு இஞ்சினியர் வந்தாரு. அலமாரியை மூணு தட்டு தட்டினாரு. உள்ள இருந்து மெதுவா மூணு தட்டு திரும்பி வந்துச்சு. ‘அற்புதமான மெஷின்’னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

— அவ்வளவு சமர்த்தா இருந்தவர், தப்பை மட்டும் ஏன் திருப்பி வாசிக்கலை?

— மனசு வரலை. தப்புன்னு தெரிஞ்சே எப்படி வாசிக்கிறது? வெளிய நின்னவனுக்குச் சரியான கோவம். ‘மெஷின் மாதிரி நடந்துக்கடா’ன்னு கத்திட்டு, ரெண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசலை.

— உங்க மூஞ்சியை எந்த இசைத்தட்டு அட்டையிலயும் பார்த்ததில்லையே, தோன் தெயோதுலோ. எல்லாத்துலயும் நீச்சல் உடைப் பொண்ணுதான்.

— கிதார்காரன் மூஞ்சி யாருக்கு வேணும்?

— சரி, கம்ப்யூட்டரை அணைச்சுடறேன். என் துணியெல்லாம் கட்டில்ல கொட்டிட்டு இந்த அலமாரியைக் காலி பண்றேன். நீங்க வெளிய நில்லுங்க. அந்த ஆள் உயிரோட இருந்தா இப்பவே வரச்சொல்லுங்க.

— உயிரோட இருக்கான், உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கான். வெளிய நின்னு தப்பா வாசிக்கத்தான் ஆள் இல்ல. தெயோதுலோ எழுபத்தெட்டுலயே செத்துட்டான், அம்மாடி.