தைலம் தேய்த்த கை

"ஹலோ... தங்கராஜு அண்ணனா? நான் யோகேஸ்வரி, முருகையா வீட்டு... ஆமா, ஆமா, தானா ராத்தா டவுன் கிளினிக்லதான் இருக்கோம். கியா பார்ம் ரோட்டு டிராபிக் ஜேம்ல மாட்டி, இப்பதான் நம்பர் வந்துச்சு. அவரு உள்ள டெஸ்டுக்கு ரத்தம் குடுக்குறாருலா..."

யோகேஸ்வரி வராந்தாத் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டாள்.

"...சொரியாசிஸுக்குத்தாண்ணே வந்தோம். மருந்த வாங்கிட்டு ஓடிரலாம்னு பார்த்தா டாக்டரம்மா விட மாட்டேங்குது. இது தோலோட நிக்கிற சீக்கு இல்லையாம்... ஆமா, உள்ள ரத்தக் குழாயும் கெட்டுப்போகலாமாம். இனிப்புநீர், அதான் சக்கர வியாதி, கொழுப்பு, நெஞ்சுவலி எல்லாம் இவங்களுக்குக் கூடுதலா வருமாம்... நானும் அப்படித்தாண்ணே முழிச்சேன். பதினாலு வருசமா கத்தரிக்காய், கருவாடு வீட்டுக்குள்ள விடாம பத்தியம் பார்த்தவ. யாரு கண்டா?

"...அதான் கேக்குறேன். நெஞ்சு அடைக்குதா, மூச்சு வாங்குதான்னு டாக்டரம்மா கேட்டா, மனுசன் ஒண்ணுமே இல்லங்குறாரு. தேயிலைக் கொழுந்து வெட்டுற மெஷின அந்தப் பக்கம் அவரு புடிக்கிறாரு, இந்தப் பக்கம் நீங்க. உங்களுக்குத் தெரியாமயா?... மழுப்பாதீங்கண்ணே... சொல்லக்கூடாதுன்னு அவரு உங்ககிட்ட சத்தியம் வாங்குனா வாங்கட்டும்! தாலி என் கழுத்துலதானே கிடக்கு?"

கேட்கக் கேட்க அவள் தூணை விட்டு நிமிர்ந்தாள்.

"ம்... ம்... மேடு ஏறுறப்பவா?... ஒரு நாளைக்கு மூணு தடவையா! மெஷின கீழ வச்சிட்டு... எந்தக் கையத் தேய்ச்சாரு?... நல்லா யோசிச்சு சொல்லுங்க. இடது கையா?

"...ஐயோ. வீட்டுலயும் அதத்தாண்ணே தேய்ப்பாரு. சாப்பிடுறப்ப, டிவி பாக்குறப்ப... புதுசா அங்கயும் பரவுது, அரிக்குதாக்கும்னு நெனச்சேன். நாலு மாசமா வேலை விட்டு வந்ததும் வெட்பாலைத் தைலம் போட்டு நானே நீவி விட்டேன். அவரும் பேசாம காட்டிக்கிட்டு இருந்தாரு... இல்லண்ணே. செதிலெல்லாம் வலது முழங்கை, முதுகு, தலையிலதான். இடது கையில ஒரு பொட்டு கூடக் கிடையாது. தடவுனவளுக்கு உறைக்கலையே... பாவி நான்...

"...அழுவல. அழ நேரமில்ல. வச்சிராதீங்க, லைன்லயே இருங்க. எங்கிட்ட சொன்னத அப்படியே டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க... கோவிச்சுக்கட்டுமே. உசுரோட இருந்து கோவிச்சுக்கட்டும்."

அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே முருகையா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இவரு சொன்னது பொய். இந்தாங்க, கூட வேலை செய்யிறவரு பேசுறாரு... அண்ணே?... ஹலோ? ஹலோ?... சே, லைன் போயிருச்சு. பரவால்ல, நானே சொல்றேன். செதில் வந்த கை இல்லம்மா. மேடு ஏறுறப்ப மெஷின கீழ வச்சிட்டு இடது கையத் தேய்க்கிறாராம், நெஞ்சப் பாருங்க. என்னங்க, சட்டைய மேல ஏத்துங்க!"