கைத்தடி பற்றிய கேள்வி

எனக்கு மதியத் தூக்கம் ஒத்துக்கொள்ளாது. பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் மாலை முழுவதும் தலை கனக்கும். ஆய்வகத்தில் இரண்டிலிருந்து நான்கு மணி வரை திரையைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டபோது, மற்றவர்கள் தட்டிக்கழித்த அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அப்போது வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. இதையாவது விசாரணைக் குழுவினராகிய நீங்கள் நம்ப வேண்டும்.

நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. ‘துணை’ என்ற நம் உரையாடல் கருவி, பதினேழாம் எண் பங்கேற்பாளரிடம் ஒரு நாள் அவருடைய தந்தையின் கைத்தடியைப் பற்றிக் கேட்டிருக்கிறது. அதற்கு முன் அவர் எழுதிய எதிலும் தடி என்ற பேச்சே இல்லை. அப்படியானால் கருவிக்கு அது எப்படித் தெரிந்தது? கைபேசி வழியாக வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, மென்பொருளை எழுதியவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

கருவி எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்.

மனிதரிடம் சொல்லத் தயங்குவதை மனிதர்கள் ஏன் ஒரு இயந்திரத்திடம் கொட்டிவிடுகிறார்கள் என்பதை அறியத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினேன். நான் உளவியல் படித்தவன். பதினோரு வருடங்களாக இதே வேலை. கருவி அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி வைத்தோம். யாராவது உயிரை விடுவது பற்றி எழுதினால், திரையைக் கவனிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திக் கருவியின் இடத்தில் தானே தட்டச்சு செய்யலாம். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எது கருவி எழுதியது, எது ஆள் எழுதியது என்று பதிவிலும் தெரியாது. அந்தக் குறிப்பு தேவையில்லை என்று கூட்டத்தில் சொன்னவனும் நான்தான்.

பங்கேற்பாளர்கள் எங்களுக்கு வெறும் எண்கள். மூன்றாம் நாள் பதினேழாம் எண் இப்படி எழுதினார்: “அப்பாவுக்குப் பேச்சு வராது. ஸ்பூனால கட்டில் கம்பிய தட்டுவார். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா திருப்பிப் படுக்க வைக்கணும். விடாம தட்டினா துணி மாத்தணும்.”

அந்த ஸ்பூனை வாங்கிக்கொடுத்தவன் நான். பதினேழாம் எண் என் தங்கை.

அவளை நான் சேர்க்கவில்லை. அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சுவரில் எங்கள் அறிவிப்பு ஒட்டியிருந்திருக்கிறது. சம்மதப் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. ஒன்பதாம் பக்கம் வரை யாரும் போவதில்லை. அதைப் பற்றியே நான் ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

தெரிந்தவர் என்று கண்டதும் திரையை விட்டு எழுந்து தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. அதை எழுதியதும் நான்தான். நான் எழவில்லை. ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்தேன். அது அடுத்த நாளும் ஆயிற்று.

காலையில் பராமரிப்புப் பெண் வருவார். மதியத்துக்குமேல் அப்பா தங்கையின் பொறுப்பு. அவர் தூங்கும் நேரத்தில் அவள் எழுதுவாள். வேறொரு நகரத்தில் புதிதாகத் திறக்கும் நிலையத்துக்குத் தலைமை தாங்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை அங்கேதான் படித்தேன். “அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வாய் நிறைய ‘போய்ட்டு வாம்மா’ம்பார். அப்புறம் ஒரு மாசம் மூஞ்சிய தூக்கி வச்சுப்பார். ஊர்ல உள்ளவன் மனசெல்லாம் படிப்பார். வீட்ல பால் தீந்தது தெரியாது. அப்பாவுக்கு ஒரு தடவ கூட துணி மாத்தினதில்ல.”

அத்தனையும் உண்மை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. அன்றுதான் முதல்முறையாகப் பொத்தானை அழுத்தினேன்.

அவளைத் தடுக்க நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்ப்பதைவிடக் கடினமான முடிவு இது என்று அவள் உணர வேண்டும், அவ்வளவுதான். விதிப்படி கேள்வி மட்டுமே கேட்டேன். ‘நீங்கள் போன பிறகு கட்டில் கம்பியைத் தட்டினால் யார் வருவார்கள்?’ அவள் உடனே எழுதினாள்: “அண்ணன் இருக்கார்ல. கத்துக்கட்டும்.” ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், வெடுக்கென்று பேசுவாள்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் அறை வாசலில் நின்று பார்த்தேன். ரப்பர் விரிப்பு, மருந்துப் பெட்டி, மூலையில் மடித்துவைத்த துணிகள். ஒவ்வொரு நாளும் நான் இதற்குள் நுழைய வேண்டும் என்று நினைத்ததும் கதவைச் சாத்திவிட்டு என் அறைக்குப் போனேன். என் ஆய்வு பாதியில் இருக்கிறது, இதற்கெல்லாம் நேரமில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தாலும், எட்டு மாதங்களுக்கு முன்புவரை அப்பா தடியை ஊன்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் காலை கட்டிலை விட்டு இறங்கியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன் பிறகு எழவேயில்லை. கால் இடறிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். விழுந்ததைப் பற்றி அவள் கருவியிடம் எழுதியிருந்தாள். ஒன்பதாவது உரையாடலில் நான் கேட்டேன்: ‘அன்று காலை அவருடைய கைத்தடி எங்கே இருந்தது?’

பதினொரு நிமிடம் பதில் இல்லை. நேரம் பதிவில் இருக்கிறது. பிறகு, “தெரியல. அன்னைக்கு ரூம கூட்டினது நான்தான்” என்று வந்தது. கொஞ்சம் கழித்து, “நகர்த்தி வச்சிருப்பேனோ” என்றாள்.

‘கூட்டும்போது பொருள்களை நகர்த்துவது உங்கள் வழக்கமா?’ என்று கேட்டேன்.

அந்த வாரத்திலேயே இரவுச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னாள். “அண்ணா, வெளியூர்ல ஒரு வேலை வந்துச்சு. வேணாம்னுட்டேன்.”

“ஏம்மா? போயிருக்கலாமே,” என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

“இல்லண்ணா. நான் இங்கதான் இருக்கணும்.” உள்ளே ஸ்பூன் விடாமல் தட்டியது. கை கழுவக்கூட நிற்காமல் எழுந்து போனாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நான் கல்நெஞ்சன் இல்லை. அந்த நாளிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது இன்னும் மோசம். வெடுக்கென்று பேசுவதையும் அவள் விட்டுவிட்டாள்.

ஆய்வு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சில நேரம் ஆள் எழுதியதும் உண்டு என்பதைப் பங்கேற்பாளர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம், ஒருவரைத் தவிர. அவளுடைய பதிவு மட்டும் ஏன் நீள்கிறது என்று உங்கள் சரிபார்ப்பாளர் கேட்டது நியாயம். அவளுக்கு மனம்விட்டுப் பேச வேறு யாரும் இல்லை. நான் நிறுத்தியிருந்தால் அது இரக்கமில்லாத செயலாக இருந்திருக்கும்.

போன வாரம் அவள் எழுதியது இது: “எப்பவும் நீங்கதான் கேக்கறீங்க. ஒரே ஒரு தடவ நான் கேக்கறேன், பதில் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே. தடிய நகர்த்தினது நான்தானே?”

நான் ‘இல்லை’ என்று அடித்தேன். அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அப்ப யாரு?’ என்று அடுத்ததாகக் கேட்பாள். அழித்துவிட்டு ‘ஆமாம்’ என்று எழுதி அனுப்பினேன். கேள்வி மட்டுமே கேட்க வேண்டும் என்ற விதியை நான் மீறியது அந்த ஒரு இடத்தில்தான். அதற்காக வருந்துகிறேன்.

தடியை நகர்த்தியவன் நான். மடிக்கணினிக்கு மின்சாரம் எடுக்கும் இடம் அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. தடி குறுக்கே நின்றது. எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்தேன். திரும்ப வைக்க மறந்துபோனேன். அப்பாவைத் தூக்கும் களேபரத்தில் யாரும் பார்க்காதபோது அதைப் பழைய இடத்தில் வைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவரால் அதைச் சொல்லும் அளவுக்கு ஸ்பூனால் தட்ட முடியாது.

இதையெல்லாம் மறைத்திருக்கலாம். கருவியின்மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்களே அந்த முடிவுக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் மென்பொருளை எழுதியவர் நேற்று தன் பொருள்களை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு என் அறையைக் கடந்து போனார். “நான் என்ன சார் தப்பு பண்ணேன்?” என்றார். நேற்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். அவரைத் தயவுசெய்து திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யாத தவறுக்கு ஒருவர் பழி சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதினேழாம் எண்ணின் தனியுரிமை கருதி, இந்தக் கடிதத்தின் பிரதியை அவருக்கு அனுப்ப வேண்டாம்.