பதினொரு வாசல்களின் பொறுப்பாளர்

எங்கள் ஒழுங்கையில் மான்கள்தான் பெரிய தொல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா திருகோணமலைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் இல்லை என்பதால் சொல்கிறேன். உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை எங்களது. விடிந்ததும் கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பை வாளியைத் தேடி வந்துவிடும். வாசலில் மான் நின்றாலும் என் போன் ‘ஆள் நிற்கிறார்’ என்றுதான் அறிவிக்கும். ஒரு நாளில் நாற்பது தடவையாவது எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். பொதுச்சேவை என்று இறங்கிவிட்டால் பார்க்கத்தானே வேண்டும்.

என் பெயர் யோகலிங்கம். ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர். ஒழுங்கை விழிப்புச் சங்கத்தின் ஸ்தாபகத் தலைவர். செயலாளருக்குத் தகுதியான ஆள் இன்னும் அமையவில்லை என்பதால் அந்தப் பொறுப்பையும் நானே சுமக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனி இறப்பர் முத்திரை உண்டு. இந்த வாக்குமூலத்தின் அடியில் எதைக் குத்துவது என்று ஐயா சொன்னால் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டின் தண்ணீர் மோட்டார் களவு போனது. சங்கம் கூடி, கமரா வைத்த வாசல் பெல்லைப் பதினொரு வீடுகளுக்கும் பூட்டுவதென்று தீர்மானித்தோம். குத்துவிளக்கு ஏற்றி, ஒழுங்கையில் வயதில் மூத்த ஸெய்னுதீன் ஹாஜியாரைக் கொண்டு நாடா வெட்டுவித்தேன். உண்மையைச் சொன்னால், எங்கள் ஒழுங்கையில் பெல் அடிக்கிற வழக்கமே இல்லை. கேற்றடியில் நின்று கூப்பிடுவோம். குரல் தெரிந்தால் கதவு திறக்கும். நாங்கள் பெல்லை அடித்தது திறப்புவிழாவன்று மட்டும்தான்.

கமராக்களைப் போனில் இணைக்கவேண்டி வந்தபோது ஹாஜியார்தான் வழி சொன்னார்.

“இந்த ஆப்பு கீப்பெல்லாம் நமக்கு விளங்காது தலைவர். எல்லாத்தையும் ஒங்கட போன்லயே போட்டுடுங்க.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பதினொரு வாசலும் என் போனுக்குள் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய மகன் யாருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான் என்பதை உரிய தகப்பன்மாருக்கு அனுப்பியிருக்கிறேன். நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி அன்னலட்சுமிக்கு மட்டும் இதன் பெறுமதி விளங்கவில்லை.

“ஊரார்ர வாசலைப் பாத்துப் பாத்துத் தேத்தண்ணி குடிக்கிற மனுசனை நான் இஞ்சதான் காணுறன். எங்கட குசினிப் பைப் ஒழுகுறது மட்டும் உங்கட கமராவில விழேல்லை, என்ன?”

கீர்த்தனி கடைசி வீட்டுக்கு வாடகைக்கு வந்தது தை மாதத்தில். துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. ஒரேயொரு பையோடு வந்தாள். வந்த மறுநாளே என்னிடம் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

“மாமா, அந்தக் கமராவைக் கழட்டி விடுவீங்களோ? என்ர முகம் அதில விழுகிறது பயமாக் கிடக்கு.”

“பயப்படுற ஆக்களுக்குத்தானே மகள் கமரா வைச்சிருக்கிறம்.”

“ஒருத்தரிட்டயும் காட்ட மாட்டீங்கள்தானே?”

சங்கத்தின் யாப்பில் இரகசியம் பேணல் என்று ஒரு பிரிவு இருப்பதை எடுத்துக் காட்டினேன். அதை வாசித்த பிறகுதான் அவள் மனம் விட்டுக் கதைத்தாள். ஈச்சிலம்பற்றில் இருக்கிற புருசன் சசிகரன் ஒருமுறை அவளுடைய கையை முறித்திருக்கிறான். இனி அகப்பட்டால் உயிரோடு விடமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறான். நான் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன்.

அவள் உயிரோடு இருந்த ஐந்து மாதமும் என் பார்வையில்தான் இருந்தாள். வேலையால் வந்தால் முன்னும் பின்னும் பார்ப்பாள், கதவைத் திறப்பாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எங்கள் பக்கத்தில் செருப்பை வாசற்படியில்தான் விடுவார்கள். படியைப் பார்த்தாலே வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அது தெரியக்கூடாது என்றுதான் அவள் உள்ளே கொண்டுபோனாள் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் ஓர் ஆணின் செருப்பு இரண்டு மணித்தியாலம் கிடந்தது. தனியாக இருக்கிற பெண்ணின் படியில். அதைப் படமாக எடுத்து, வீட்டு இலக்கத்தோடு சங்கத்தின் வட்சப் குழுவில் போட்டேன். ‘கவனத்திற்கு’ என்று மட்டும் எழுதினேன். ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. அது அவளுடைய தம்பி பிரகலாதனின் செருப்பு என்று பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் அந்தப் படம் எந்தெந்தப் போனுக்கெல்லாம் போனதோ, நான்காம் நாள் சசிகரன் என்னைப் போனில் அழைத்தான்.

மிக மரியாதையான பிள்ளை, ஐயா. “உங்களைப் போல ஒரு பெரியவர் பாத்துக்கொள்ளுற இடத்திலதான் அவ இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு நிம்மதியாக் கிடக்கு. எனக்கும் ஒருக்கால் முகத்தைப் பாக்க ஏலுமெண்டால் காணும்” என்றான். சங்கத்தின் சேவையை இவ்வளவு சரியாக மதிப்பிட்ட ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. தாலி கட்டினவனுக்கு ஒன்றும் தெரியாமல், வாசல் வாசலாகப் பார்க்கிற எனக்கு எல்லாம் தெரிந்திருப்பது நியாயமாகவும் படவில்லை. அவளுடைய கமராவை மட்டும் அவனுடைய போனிலும் பார்க்க அனுமதி கொடுத்தேன்.

அந்தக் கமராவை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதில் ஒரு நீல வெளிச்சம் எரியும். மூன்றாம் நாள் கீர்த்தனி வந்தாள். உட்காரவில்லை.

“மாமா, அந்த லைற் இப்ப ஓயாமல் எரியுது. காலமை எழும்பி வந்தாலும் எரியுது. நீங்களோ பாக்கிறது?”

“ஓம் மகள், நான்தான்.”

அவள் மூச்சு விட்டாள். “நீங்கள் எண்டால் பரவாயில்லை” என்றாள். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். ஒரு பெண்ணின் பயத்தைத் தீர்ப்பதற்காக ஒரு சொல் மாற்றிச் சொன்னது பிழையென்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாள் பார்த்துவிட்டு, சசிகரன் தான் நேரில் வந்து அவளோடு கதைக்க விரும்புவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் அவள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். ஒழுங்கையில் பாதிப்பேர் அந்த நேரம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் வேலையில். சந்தடியில்லாமல் கதைக்கலாம் என்று நேரத்தைத் தெரிவுசெய்து கொடுத்தது நான்.

ஒன்றே காலுக்கு அவன் பெல் அடித்தான். யன்னல் சீலை ஒரு விரலளவு விலகி, மறுபடி மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. அவன் சுவரோடு ஒதுங்கி நின்று எனக்கு அழைத்தான். “ஐயா, திறக்கிறா இல்லை. உங்கட குரலுக்குத் திறப்பா.”

அந்த பெல்லில் பேசவும் வசதி உண்டு. சாய்கதிரையில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினேன்.

“மகள், நான் யோகலிங்கம் மாமா. பயப்படாதேங்கோ. அவன் போயிட்டான், வாசலில ஒருத்தரும் இல்லை. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். திறவுங்கோ.”

அதில் பொய் இல்லை, ஐயா. அந்தக் கணத்தில் என் படத்தில் ஒருவரும் இல்லை. அவன் கமராவின் பார்வைக்கு வெளியே நின்றான். பதிவை எடுத்துப் பாருங்கள்.

உள்ளே இரண்டு தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவன் உள்ளே நுழைந்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, கமராவைத்தான் பார்த்தாள். “மாமா” என்றாள். இன்னொரு தரமும் “மாமா” என்றாள். பிறகு கதவு சாத்தப்பட்டது. படத்தில் கதவு மட்டும் நின்றது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து அவன் தனியாக வெளியே வந்தான்.

பொலிசுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டீர்கள். பதிவில் இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு ஏன் ஒலி இல்லை என்றும் கேட்டீர்கள். எந்தக் கோளாறும் இல்லை. ஒலியை நிறுத்தியது நான். எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும், புருசன் பெண்சாதியின் அந்தரங்கத்தை ஒட்டுக்கேட்கிற ஆள் நானில்லை.