எரிபொருள் தீர்ந்து நிற்கிறேன்

தேநீர் ஆறிப்போச்சே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். எனக்கு ஆறின தேநீர்தான் பழக்கம். கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் கோப்பை இருப்பதே மறந்துபோகும்.

அக்கா புகார் கொடுத்தபோது உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எப்போதாவது பழப்பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தான் ஒருத்திதான் தாங்குவதுபோல நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள் அவள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வந்தபோது கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனது நான். போகட்டும். நீங்கள் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. உங்களுக்கு அது சின்னப்பிள்ளைச் சமாச்சாரமாகத் தெரியலாம். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து ஆளுக்கொரு விண்கப்பல் ஓட்டுகிற ஆட்டம். சிலர் கனிமம் வெட்டுவார்கள், சிலர் சரக்கு ஏற்றுவார்கள். நடுப்பகுதியில் காவல் உண்டு. ஒருவன் இன்னொருவனைச் சுட்டால் காவல் கப்பல் வந்து சுட்டவனைத் தூளாக்கிவிடும். அதன் எல்லையில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலுக்கு அப்பால் சட்டமும் கிடையாது, காவலும் கிடையாது. அங்கே கப்பல் போனால் போனதுதான், ஏற்றிய சரக்கும் சேர்ந்து போகும். இதையெல்லாம் வாசலிலேயே சிவப்பு எழுத்தில் போட்டு, 'தொடரலாமா?' என்று கேட்பார்கள்.

புதுசாக வருகிறவன் அதைப் படிக்கவே மாட்டான். மாதக்கணக்கில் சேர்த்ததை எல்லாம் ஒரே கப்பலில் அடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவன்போல உள்ளே வருவான். நான் வாசலுக்கு அந்தப் பக்கம் காத்திருப்பேன். சுட்டபிறகு அவன் அழுவான், திட்டுவான், 'நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்' என்று கேட்பான். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கெடுதல் செய்தால்தான் அடி விழும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த மட்டில் நான் செய்தது ஒரு சேவை என்றுகூடச் சொல்வேன்.

வேலை வீட்டிலிருந்துதான். ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்துக்கு வருகிற புகார்களுக்குப் பதில் தட்டுவது. 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுக்க எழுதுகிறவனுக்கு, வருந்தாமல் இருக்க ஓர் இடம் வேண்டாமா?

அப்பா லாரி ஓட்டுநர். முழங்கால் போனபிறகு வண்டியைத் தொட முடியவில்லை. சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களை எல்லாம் குறை சொல்வார். அது அலுத்தால் என் அறை வாசலில் வந்து நின்று, "என்னடா பண்ற?" என்பார். அந்த நச்சரிப்புத் தாங்காமல்தான் என் பழைய கணினியை அவருக்குக் கூடத்தில் வைத்து, இதே விளையாட்டில் ஒரு சரக்குக் கப்பலை எடுத்துக்கொடுத்தேன். நானும் ஆடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். என்ன பெயரில் என்பது தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

மனிதர் ஒட்டிக்கொண்டார். தன் பழைய லாரியைக் 'கிழவி' என்று கூப்பிடுவார். கப்பலுக்கும் அதே பெயர். கிளம்புமுன் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், டயர் பார்க்கிறாராம். வெற்று வெளியில் எதிரே ஒரு கப்பல் வந்தால் ஒதுங்கி வழி விடுவார். தட்டச்சு வராது, ஒலிவாங்கியில் பேசுவார். முன்பின் தெரியாதவனை எல்லாம் தம்பி, தாயி என்று அழைத்து, எங்கே போறீங்க, சாப்பிட்டீங்களா என்று விசாரிப்பார். கேட்கவே எனக்குக் கூசும்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர்களுக்கே உரியது என்பார். வழியில் வண்டி பழுதாகி எவன் நின்றாலும் தாண்டிப் போகக் கூடாது. சாலையில் நின்ற ஊர்ப்பட்ட பேருக்கெல்லாம் டயர் மாற்றிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் தாமதமாக வருவார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விளையாட்டு மைதானத்தில் விழுந்து எனக்குக் கை முறிந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளி விட்டு, பெருக்குகிறவர்கள் வந்து என் காலடியில் பெருக்கிவிட்டுப் போனபிறகுதான் அப்பா வந்தார். கையெல்லாம் கிரீஸ். பாலத்தில் ஒருத்தன் குடும்பத்தோடு நின்றானாம். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதால் சொன்னேன்.

வாசலைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். அந்தப் பக்கமே போகாமல் ஒழுங்காகத்தான் இருந்தார். ஒருநாள் வாசலுக்கு அப்பால் இருந்து, வேறொரு பெயரில், அவருக்கு ஒரு வரி தட்டினேன். 'அண்ணே, எரிபொருள் தீர்ந்து நிற்கிறேன். கொஞ்சம் வர முடியுமா?'

உடனே வந்தார். சிவப்பு எச்சரிக்கையைப் படித்துவிட்டே வந்தார், வாய்விட்டுப் படித்தது எனக்குக் கேட்டது. "பயப்படாத தம்பி, வந்துட்டேன்" என்றார். சுட்டேன்.

சாப்பிடும்போது கதை கதையாகச் சொன்னார். பாவம், அந்தத் தம்பியையும் அடித்திருப்பார்கள் என்றார். அவனேதான் சுட்டிருப்பான் என்று விளக்கினேன். பிறகு ஆரம்பத்திலிருந்து சரக்கு ஏற்றினார், கிழவியைத் திரும்ப வாங்கினார். நான் இன்னொரு பெயரில் தட்டினேன். திரும்பவும் வந்தார். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் பாடம் ஏறும் என்று பார்த்தேன். ஏறவில்லை. கடைசியில் நானே பொறுக்காமல், "உனக்கு அறிவே வராதாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"பொய்தான்னு எனக்கும் தெரியுதுடா," என்றார். "ஆனா ஒருத்தன் நெசமாவே நின்னுட்டிருந்தா? நாம தாண்டிப் போனா அவன் என்ன பண்ணுவான்?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஊரில் எவனோ நிற்பான் என்று கிளம்புகிறார். வீட்டில் ஒருவன் நின்றானே.

இனி அந்த மத்தியானம். சாப்பாடு முடிந்து நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். காதில் மாட்டியிருந்தது வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன். கூடத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. இது அப்பாவுக்கும் தெரியும். வழக்கம்போல அதே வரியைத் தட்டினேன். வாசலைத் தாண்டி வந்தார். கிழவி என் கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒலிவாங்கியை விட்டு முகத்தைத் திருப்பி, "டேய்" என்று ஒருமுறை கூப்பிட்டார். அது என்னை. அப்புறம் ஒலிவாங்கிப் பக்கம் திரும்பிப் பேசினார். அது அந்தத் தம்பியிடம்.

"தம்பி, நெஞ்ச அடைக்குது. எந்திரிக்க முடியல. பக்கத்து ரூம்ல என் மகன் இருக்கான், நான் கூப்பிட்டா கேக்காது. அவன் நம்பர் சொல்றேன், ஒரு போன் பண்ணிச் சொல்லுப்பா."

என் எண்ணைச் சொன்னார். நான் என்ன நினைத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? அப்பா ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை நாள் பட்ட அடிக்கு அவரும் தூண்டில் போடக் கற்றுக்கொண்டார், என்னையே இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவிடமும் இப்படித்தான் சொன்னேன்.

ஆனால் ஒளிக்காமல் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணைச் சொல்லும்போது நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டு, "இல்ல, இரு" என்று நிறுத்தி, முதலிலிருந்து திருத்திச் சொன்னார். பொய் சொல்கிறவன் அப்படித் திருத்த மாட்டான். என் தொழிலே பொய்யை வாசலில் நிற்கவைப்பது, எனக்குத் தெரியாதா? தெரியும். அப்போதே தெரிந்தது.

'சரிண்ணே, இப்பவே சொல்றேன்' என்று தட்டினேன்.

"நல்லா இருப்பா," என்றார்.

மேசையில் என் கைபேசி கிடந்தது. அது அடிக்கவில்லை. என்னை நானே கூப்பிட முடியாது இல்லையா? கதவு நாலு எட்டில் இருந்தது. அந்தப் பள்ளிக்கூட வாசலில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் ஆகட்டும், அப்புறம் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் மூச்சுச் சத்தம் நின்றது. வெகுநேரம் அசைவில்லை என்று ஆட்டமே கிழவியை வெளியே அனுப்பிவிட்டது. சாயங்காலம் அக்கா பழப்பையோடு வந்து என் அறைக் கதவை இடித்தாள். திறந்தேன்.

மருத்துவர், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம். இருக்கலாம். அக்கா நான் கொன்றேன் என்கிறாள். அவளுக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கப்பல் என் கண்முன்னால், சரக்கு நிறைய, ஓட்டுவார் இல்லாமல், அவ்வளவு நேரம் மிதந்துகொண்டிருந்தது. வேறு எவனாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டான். நான் பக்கத்திலேயே இருந்தேன், வேறு யாரையும் அண்டவிடவில்லை. அன்றைக்கு நான் அவரைச் சுடவே இல்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.